தேர் திரும்பும்போது கூப்பிட்டவன்

தென்காசிப் பகுதிக்கு ஒரு நாளிதழின் புகைப்படக்காரனாக இருபத்தெட்டு வருஷம் ஓடியாடிவிட்டு ஓய்வு பெற்றவன் நான். அச்சில் வந்த என் படங்களைக் குவித்துப் போட்டால் பாதிக்கு மேல் குற்றாலத்தில் குளிக்கிறவர்களின் முதுகாக இருக்கும். மிச்சத்தில் பாதி சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்தி. அதற்கும் மிச்சம் ரிப்பன் வெட்டுகிறவர்கள். இந்த லட்சணத்தில், சில மாதங்களுக்கு முன் என் போனுக்கு ஒரு செய்தி வந்தது. சனி, ஞாயிறுகளில் கேமராவோடு ஊர் சுற்றும் இளவட்டங்கள் சேர்ந்து ஒரு குழு வைத்திருக்கிறார்கள். தேரோட்டத்தன்று தெருவில் இறங்கிப் படம் எடுத்துப் பழகப் போகிறார்களாம். அதற்கு முன்னால், கூட்டத்துக்குள் எப்படிப் படம் எடுப்பது, காட்சியை எப்படி அமைப்பது என்று ஐயா அரை மணி நேரம் பேச வேண்டுமாம். ‘ஐயா’ என்று போட்டிருந்ததால் உடனே சரி என்றுவிட்டேன்.

பேசினேன். வெளிச்சம் எந்தப் பக்கம் என்று பார்த்து நில்லுங்கள், யார் தலையிலும் மின்கம்பம் முளைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஆளைத் தேடி ஓடாமல் இடத்தைப் பிடித்துக்கொண்டு ஆள் வரக் காத்திருங்கள் என்றெல்லாம் அடுக்கினேன். கை தட்டினார்கள். பல் டாக்டருக்குப் படிக்கும் நிவேதா என்கிற பெண் எழுந்து, “சார், நீங்க எடுத்ததுலயே பெஸ்ட் படம் எது சார்?” என்று கேட்டாள். தண்ணீர் பாட்டிலை வாயில் வைத்துக்கொண்டு, “அது நிறைய இருக்கும்மா” என்று மழுப்பிவிட்டேன். நிறைய எல்லாம் இல்லை. ஒன்றே ஒன்றுதான். அங்கே சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

இலஞ்சியில் என் அத்தான் ஒரு ஸ்டுடியோ வைத்திருந்தார். அங்கேதான் தொழில் படித்தேன். நாலு வருஷத்தில் கற்றுக்கொண்டது மூன்று: இருட்டில் பிலிம் மாட்டுவது, கல்யாண வீட்டில் முதல் பந்தியில் இடம் பிடிப்பது, “இங்கன பாருங்க!” என்று அடிவயிற்றிலிருந்து கத்துவது. மூன்றாவதில் என்னை அடிக்க ஆள் இல்லை. மணவறைப் புகையில் கண்ணைக் கசக்கும் மாப்பிள்ளை, பாலுக்கு அழும் கைக்குழந்தை, நாதசுரக்காரர், தவில்காரர் என்று அத்தனை பேரும் ஒரே நொடியில் என் பக்கம் திரும்புவார்கள். “இவன் தொண்டைக்கே ஒரு கல்யாணம் புக் ஆவும்” என்று அத்தான் பெருமைப்படுவார். நானும் அதை ஒரு பெரிய வித்தையாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தத் தொண்டையோடுதான் பத்திரிகையில் சேர்ந்தேன். நிரந்தர வேலை இல்லை, பகுதிநேர ஆள். திருநெல்வேலி அலுவலகத்தில் படப்பிரிவுக்குப் பொறுப்பு வேலாயுதம் சார். வெளியூர் ஆட்களை அவர் ஊர்ப் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவார். “என்ன வே சுரண்டை, என்ன வே தென்காசி” என்பார். ஊருக்குள்ளும் எனக்கு ‘போட்டோ’ என்பதுதான் பேர். சுப்பையா என்று ஒரு பேர் இருப்பது என் ரேஷன் கார்டுக்கும் என் மனைவி செல்விக்கும் மட்டும் தெரியும். அவளும் அதைச் சொல்லிக் கூப்பிட மாட்டாள்.

வேலாயுதம் சாரிடம் நான் முதலில் மாட்டியது ஒரு முதுகு விஷயத்தில். அந்த வருஷம் சாரல் பொய்த்துவிட்டது. மெயினருவியில் தண்ணீர் நூல் மாதிரி இறங்கியது. அலுவலகத்தில் சீசன் படம் கேட்கிறார்கள். நானும் என்ன செய்வேன், போன வருஷ முதுகுகளில் நல்லதாக ஒன்றை எடுத்து அனுப்பிவிட்டேன். நாலாம் நாள் சுரண்டையிலிருந்து ஒரு மளிகைக்கடைக்காரர் கடிதம் எழுதினார். படத்தில் இடமிருந்து மூன்றாவது முதுகு தன்னுடையது என்றும், தான் இந்த வருஷம் மூட்டுவலியால் குற்றாலம் பக்கமே போகவில்லை என்றும், அதை வீட்டில் நம்ப மறுக்கிறார்கள் என்றும் எழுதியிருந்தார். வேலாயுதம் சார் அதை எல்லார் முன்னாலும் நிறுத்தி நிதானமாக வாசித்தார். முடித்துவிட்டுக் கடிதத்தை மடித்து என் சட்டைப் பையில் வைத்து, “முதுகுக்கும் ஆளு உண்டு வே” என்றார். அவ்வளவுதான். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அடுத்த வாரமே எனக்குப் பயிற்சி ஆரம்பமாகிவிட்டது. திருவிழாக் கூட்டத்துக்குள் போய் ஒரு ரோல் பிலிம், முப்பத்தாறு படம், எடுத்து வர வேண்டும். ஒருத்தர்கூடக் கேமராவைப் பார்க்கக் கூடாது. “தெருவுல நீரு நிக்கணும். ஆனா நீரு நிக்கது தெருவுக்குத் தெரியக் கூடாது” என்றார்.

திங்கள்கிழமைதோறும் நான் போய் நிற்பேன். முப்பத்தாறும் சின்னச் சின்னதாக ஒரே தாளில் அச்சாகி மேஜை மேல் கிடக்கும். அவர் வேட்டி நுனியால் பூதக்கண்ணாடியைத் துடைப்பார். வலது கையில் ஒரு சிவப்புப் பென்சில். வரிசையாகப் பார்த்துக்கொண்டே போவார். எந்தப் படத்தில் யார் கேமராவைப் பார்த்தாலும் அந்தக் கண்ணைச் சுற்றி ஒரு வட்டம். படம் நன்றாக இருக்கிறதா, இல்லையா என்று ஒரு வார்த்தை வராது. கடைசியில் வட்டத்தை மட்டும் எண்ணுவார். முதல் தடவை எண்ணி முடித்துவிட்டு நிமிர்ந்து, “அறுபத்தேழு. ஒத்தைப்படையா வருதே?” என்றார்.

“ஒருத்தரு கண்ணடிச்சிருக்காரு சார்” என்றேன்.

தாள் முழுவதும் அம்மை போட்ட மாதிரி இருந்தது. பஞ்சுமிட்டாய் விற்கிறவர், வளையல் கடையில் பேரம் பேசுகிறவர்கள், உறியடிக்காரர், சப்பரம் தூக்குகிறவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் கூப்பிட்டிருக்கிறேன். கூப்பிட்டது எனக்கே தெரியவில்லை. வாய் தன்பாட்டுக்கு வேலை செய்திருக்கிறது.

பழகப் பழக வட்டம் குறைந்தது. ஒரே இடத்தில் அரை மணி நேரம் கேமராவைத் தொங்கவிட்டு நிற்பேன். முதல் பத்து நிமிஷம் எல்லாரும் பார்ப்பார்கள். அப்புறம் சலித்துப்போய் அவரவர் வேலையைப் பார்ப்பார்கள். அதன் பிறகு இடுப்பு உயரத்திலிருந்தே எடுப்பேன். நாற்பதாயிற்று, பதினெட்டாயிற்று, ஒரு பங்குனி உத்திரத்தில் ஐந்தாயிற்று. ஐந்தில் ஒன்று ஆட்டுக்குட்டி. அதற்கும் வட்டம் போட்டார்.

அப்படி நான் தேறிவரும் நேரத்தில்தான் அந்தத் தேரோட்டம் வந்தது. எந்தக் கோயில் என்று கேட்காதீர்கள். தென்காசி ஊருக்குள் தேர் ஓடுகிற ஒரு கோயில் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தேருக்கு வலது சக்கரத்தில் கட்டை கொடுப்பவர் இசக்கிமுத்து அண்ணாச்சி. இலஞ்சிப் பக்கம் வயல் வைத்து நெல் போடுகிறவர். அவருடைய அப்பா காலத்திலிருந்து அந்த வலது சக்கரம் அவர்கள் குடும்பத்துக்கு.

கட்டை கொடுப்பதைப் பார்த்திராதவர்களுக்குச் சொல்கிறேன். தேரை இழுக்க ஆயிரம் பேர் இருப்பார்கள். நிறுத்தவும் திருப்பவும் இரண்டே பேர். ஆள் உயரச் சக்கரத்துக்கு முன்னால் குனிந்தபடி, ஆப்பு மாதிரிச் செதுக்கிய மரக்கட்டையைச் சக்கரத்துக்கு அடியில் சரியான நேரத்தில் கொடுத்து, சரியான நேரத்தில் உருவ வேண்டும். வீதி முனையில் தேர் திரும்பும்போது கீழே கட்டை ஒரு விரற்கடை விலகினால் மேலே தேர் ஒரு முழம் விலகும். தேரின் முன்பக்கம் நிற்கிறவர் துண்டை வீசி “வலது கட்டை!”, “இடது கட்டை!” என்று கத்துவார். பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். தேர் நிலைக்கு வந்த பிறகுதான் மைக்கில் அவர்கள் இரண்டு பேரின் பேரையும் சொல்லிக் கூப்பிட்டுப் பரிவட்டம் கட்டுவார்கள். வருஷத்தில் அந்த ஒரு நிமிஷம்தான் அந்தத் தெரு முழுக்க இசக்கிமுத்து என்கிற பேர் கேட்கும்.

வருஷா வருஷம் நான் அவரையும் எடுப்பேன். குறிப்பேட்டில் பேரும் ஊரும் எழுதிக்கொள்வேன். “தம்பி, நம்ம படம் வருமா?” என்பார். “வரும் அண்ணாச்சி” என்பேன். பேப்பரில் தேரின் மேல்பாதிதான் வரும். கீழ்ப்பாதியைக் கட்டையோடும் அண்ணாச்சியோடும் சேர்த்து வேலாயுதம் சார் வெட்டிவிடுவார். மறு வருஷம் அண்ணாச்சி மறுபடியும் கேட்பார். நானும் மறுபடியும் வரும் என்பேன்.

அன்று காலை ஏழு மணியிலிருந்து தெருவில் நிற்கிறேன். முப்பத்து நாலு படம் எடுத்தாயிற்று. என் கணக்குப்படி ஒரு கண்கூட விழவில்லை. வீதி முனையில் இடம் பிடித்துக்கொண்டேன். இப்போதும் கண்ணை மூடினால் அந்தக் காட்சி அப்படியே வரும். வலது பக்கம் முழுக்கச் சக்கரம். அதன் கீழே முறுக்கிய துணி மாதிரி அண்ணாச்சியின் முதுகு. பின்னால் இறுகி நிற்கும் வடம். இடது ஓரத்தில் சாமி படங்களுக்குச் சட்டம் போடும் கடை. வாசலில் தொங்கவிட்ட கண்ணாடிகள் வெயிலைத் தெருவுக்குள் தள்ளிக்கொண்டிருந்தன. எல்லாம் அமைந்துவிட்டது. ஒன்றே ஒன்றுதான் குறை. தலைப்பாகை நிழலில் அண்ணாச்சியின் முகம் தெரியவில்லை.

என் வாய் திறந்துகொண்டது.

“இசக்கிமுத்து அண்ணாச்சி! இங்கன பாருங்க!”

மேளம், வெடி, ஆயிரம் பேர் கூச்சல் எல்லாவற்றையும் தாண்டி அந்தக் கல்யாண வீட்டுத் தொண்டை போய்ச் சேர்ந்தது. அண்ணாச்சி நிமிர்ந்து பார்த்தார். பார்த்துச் சிரித்தார். நான் பொத்தானை அமுக்கினேன். சக்கரம் கட்டையைத் தாண்டிவிட்டது.

தேர் இடது பக்கமாக நழுவிச் சட்டக் கடையின் தகரச் சாய்ப்பில் போய் முட்டியது. கண்ணாடிகள் கலகலவென்று கொட்டின. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை என்பது ஒன்றுதான் புண்ணியம். ஆனால் தேர் சாய்ந்த வாக்கில் நடுத்தெருவில் நின்றுவிட்டது. ஜாக்கி வைத்து, மண் வெட்டி, நெம்பி, மறுநாள் மத்தியானம்தான் நிலைக்கு வந்தது. மைக்கில் யார் பேரையும் கூப்பிடவில்லை.

படம் திருநெல்வேலிக்குப் போனது. வேலாயுதம் சார் பூதக்கண்ணாடியை வைத்தார். சிவப்புப் பென்சிலை எடுத்தார். மறுபடியும் கீழே வைத்துவிட்டார். என் வாழ்க்கையில் முதல் தடவையாக, கேமராவைப் பார்த்த கண்ணுக்கு அவர் வட்டம் போடவில்லை. மேஜை இழுப்பறையிலிருந்து இரண்டு கறுப்பு அட்டைகளை எடுத்தார். ‘ட’ எழுத்து மாதிரி வெட்டியவை. அவற்றை எதிரும் புதிருமாகப் படத்தின் மேல் வைத்து, இங்கும் அங்கும் நகர்த்தி, வேண்டியது மட்டும் தெரியும்படி சட்டம் கட்டுவார். அன்று இடது அட்டையை நகர்த்திக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தினார்.

“இந்தக் கடைக் கண்ணாடிக்குள்ள நிக்கது யாரு வே? நீரா?”

குனிந்து பார்த்தேன். நான்தான். ஒரு கண்ணில் கேமரா, இடது கை ஆகாயத்தில், வாய் காதுவரை பிளந்திருக்கிறது.

“படத்துல நீரு எதுக்கு?” என்று அட்டையை உள்ளே தள்ளினார். நான் காணாமல் போனேன். மறுநாள் முதல் பக்கத்தில் சக்கரமும் அண்ணாச்சியின் சிரித்த முகமும் மட்டும் வந்தன. அவருடைய படம் பேப்பரில் வந்துவிட்டது.

கோயில் கமிட்டி கூடியது. விசாரிக்க என்ன இருக்கிறது? பேப்பரை விரித்து வைத்தார்கள். “தேரு திரும்பையில கட்டையைக் கவனிக்காம, போட்டோவுக்குப் பல்லக் காட்டிக்கிட்டு நிக்காரு” என்றார்கள். படத்தில் அப்படித்தான் இருக்கிறது. வலது சக்கரத்தை வேறு ஆளுக்கு மாற்றினார்கள். ஊர் அதோடு விடவில்லை. அண்ணாச்சிக்கு ‘போஸ்’ என்று பேர் வைத்துவிட்டது. உரக் கடையில், பஸ் ஸ்டாண்டில், “ஏ போஸு, எங்க போறீரு?” என்பார்கள்.

நான் என்ன செய்தேன்? வாயை மூடிக்கொண்டிருந்தேன். திறக்கக் கூடாத இடத்தில் திறந்த வாய், திறக்க வேண்டிய இடத்தில் பசை போட்ட மாதிரி ஒட்டிக்கொண்டது. அந்தப் படத்துக்காக என்னை நிரந்தரமாக்கப் போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது. உண்மையைச் சொன்னால் வேலை என்னாகும் என்று பயந்தேன். நல்ல நேரம் பார்த்துச் சொல்லலாம் என்று எனக்கு நானே தவணை கொடுத்துக்கொண்டு கிட்டத்தட்ட ஒரு வருஷத்தை ஓட்டினேன். இலஞ்சிக்குப் போக வேண்டியிருந்தால் சுற்று வழியில் போவேன்.

நிரந்தர வேலைக்கான உத்தரவு வந்தது. பாருங்கள், உத்தரவு வந்த மறுநாள் காலையில்தான் என் மனசாட்சிக்கும் முழிப்பு வந்தது. செல்வி பாயசம் வைத்திருந்தாள். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் நிமிர்ந்து சுவரைப் பார்த்தாள். அந்தப் படத்தைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, அங்கேதான் மாட்டி வைத்திருந்தேன்.

“அப்பம் ஒரு வருசமா தெனமும் அவுக மூஞ்சியிலதான் முழிச்சிருக்கோம்” என்றாள். நாற்காலி போட்டு ஏறி, படத்தைக் கழற்றி, புடவைத் தலைப்பால் தூசியைத் துடைத்து என் கையில் கொடுத்தாள். டம்ளரை வாங்கி வைத்துக்கொண்டாள். பாயசம் எனக்குக் கிடைக்கவில்லை.

நெகட்டிவிலிருந்து வெட்டாத முழுப் படமாக ஒன்று போட்டுக்கொண்டு இலஞ்சிக்குப் போனேன். அண்ணாச்சி வாய்க்கால் மடையில் மண்வெட்டியோடு நின்றார். வரப்பில் நின்றபடியே படத்தை நீட்டினேன். கையை வேட்டியில் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தார்.

“ஓரத்துல பாருங்க அண்ணாச்சி. கண்ணாடிக்குள்ள நிக்கது நாந்தான். உங்களைக் கூப்பிட்டது நாந்தான்.”

“இதைச் சொல்லவா வந்தே? நீ கூப்பிட்டது என் காதுலதானலே விழுந்துச்சு. எனக்குத் தெரியாதாக்கும்?”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. “தெரிஞ்சா ஏன் கமிட்டியில சொல்லல?”

“என்னன்னு சொல்லச் சொல்லுத? கூப்பிட்டான், திரும்பிட்டேன்னா? கூப்பிட்டது நீ. திரும்புனது நாந்தான?” மண்ணைக் கொத்திப் போட்டார். அவராகவே சொன்னார். “அந்தத் தெருவுல என் பேரு கேட்டா, வேலை முடிஞ்சுதுன்னு அர்த்தம் தம்பி. தேரு நிலைக்கு வந்துட்டுன்னு அர்த்தம். எங்கப்பா காலத்துல இருந்து அப்படித்தான். நீ கூப்பிடவும் எனக்கு அப்படியே மைக்குல கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு. ஒடம்பு தானா நிமிந்துட்டு.”

ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கலாம். நான் என் புத்தியைக் காட்டினேன். “இருந்தாலும் இத்தனை வருசம் கட்டை கொடுத்த நீங்க திரும்பியிருக்கக் கூடாதுல்லா அண்ணாச்சி.”

அவர் முகம் சுருங்கிவிட்டது. “அதத்தாம்லே நானும் தெனமும் கேட்டுக்கிட்டிருக்கேன்” என்றார். பிறகு மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். “ஒருநாள் நான் உன்னைக் கூப்பிடுதேன். அன்னைக்கு நீ திரும்பாம நின்னு காட்டு, பாப்போம்.”

படத்தை வாங்கிக்கொண்டு கமிட்டித் தலைவரிடம் போனேன்; அரிசி ஆலைக்காரர். அவர் முழுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். பக்கத்தில் சட்டக் கடைக்காரர் இருந்தார். அவருக்கு நானும் கண்ணில் படவில்லை, அண்ணாச்சியும் படவில்லை. “எல்லாம் பெல்ஜியம் கண்ணாடி” என்று பெருமூச்சு விட்டார். தலைவர் படத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

“நீரு சொல்லுதது எனக்கு விளங்குது. ஆனா ஊருக்கு எப்படி விளங்கும்? பேப்பர்ல போன மானம் வே. பேப்பர்லயே திரும்பி வரட்டும். வந்தா வலது சக்கரம் அவருக்குத்தான்.”

திருநெல்வேலி பஸ்ஸில் ஏறினேன். வேலாயுதம் சாரின் மேஜைமேல் படத்தை வைத்து, நின்றபடியே சொல்லி முடித்தேன். அவர் இழுப்பறையிலிருந்து அந்த இரண்டு அட்டைகளை எடுத்தார். போன வருஷம் வெட்டிய அதே அளவுக்கு வைத்துப் பார்த்தார். பிறகு இடது அட்டையை மெதுவாக நகர்த்தினார். வாயைப் பிளந்தபடி நான் வெளியே வந்தேன்.

“நான் வெட்டுனது உம்மைன்னுல்லா நெனச்சேன். வெட்டுப்பட்டது அந்தாளு” என்றார்.

“தப்பு என்னுதுதான் சார்.”

“எப்பம் தெரியும் உமக்கு?”

“அன்னைக்கே தெரியும் சார்.”

“நிரந்தர உத்தரவு எப்பம் வந்துச்சு?”

“போன திங்கக்கெழம சார்.”

“ம்” என்றார். அந்த ‘ம்’முக்கு அடியில் நான் இருபது வருஷம் வேலை பார்த்தேன். சிவப்புப் பென்சிலை எடுத்தார். கண்ணாடிக்குள் நிற்கும் என் கண்ணைச் சுற்றி, ஒன்றுதான் தெரிகிறது, மற்றதைக் கேமரா மறைத்திருக்கிறது, அந்த ஒற்றைக் கண்ணைச் சுற்றி அழுத்தமாக ஒரு வட்டம் போட்டார்.

அந்த வருஷத் தேரோட்டத்தன்று காலைப் பேப்பரில் முழுப் படமும் வந்தது. கீழே இப்படி இருந்தது: ‘சென்ற ஆண்டு தேர் திரும்புகையில் வலது கட்டைக்காரர் இசக்கிமுத்துவைக் குரல் கொடுத்துத் திருப்பியவர் எங்கள் புகைப்படக்காரர். கண்ணாடியில் காணலாம். பிழை எங்களுடையது.’ பேப்பரில் என் முகம் வந்தது அந்த ஒரு தடவைதான். ஆறு மாதத்துக்கு எனக்கு ரிப்பன் வெட்டுவதைத் தவிர வேறு வேலை தரவில்லை. தெருவில் நான் போனால் பின்னாலிருந்து யாராவது “இங்கன பாருங்க!” என்பார்கள். அண்ணாச்சியை ‘போஸ்’ என்பது தானாக நின்றுவிட்டது.

அன்று வலது சக்கரத்துக்கு முன்னால் அவர் வந்து நின்றார். வெட்கமும் சந்தோஷமுமாக ஒரு ஓரத்தில் ஒதுங்கி நின்றேன். அவர் கட்டையைக் கீழே வைத்துவிட்டு நேராக என்னிடம் வந்தார். மடியை அவிழ்த்து, நாலு வெற்றிலை, ஒரு முழுக் கொட்டைப்பாக்கு, சுண்ணாம்பு எல்லாம் சேர்த்துக் கோழிமுட்டை பருமனுக்கு ஒரு சுருள் மடித்தார்.

“வாயத் தொற.”

திறந்தேன். திணித்தார். “தேரு நிலைக்கு வாரவரைக்கும் துப்பப்படாது” என்று சொல்லிவிட்டுப் போய்க் குனிந்துகொண்டார்.

அன்றிலிருந்து வருஷா வருஷம் அது வழக்கமாகிவிட்டது. வடத்தைத் தொடுவதற்கு முன் அவர் கையால் என் வாய்க்குப் பூட்டு. கண்ணே விழாத படங்களாக எடுத்துத் தள்ளினேன். அதில் பாதி பெருமை வெற்றிலைக்குத்தான். ஒவ்வொரு வருஷமும் அந்த முனையில் நிற்கும்போது, இன்றைக்குக் கூப்பிடப் போகிறார் என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்பேன். கூப்பிடவே மாட்டார். நானும் மெல்ல மறந்துபோனேன்.

இந்த வருஷம் குழுவோடு போனேன். இசக்கிமுத்து அண்ணாச்சிக்கு இப்போது முட்டி மடங்குவதில்லை. வலது சக்கரத்தில் அவருடைய மருமகன் நிற்கிறார். அண்ணாச்சி ஒரு கடை வாசலில் நின்றார். நான் ஓய்வு பெற்றவன், கையில் வெறும் போன், இனிமேல் நான் யாரைக் கூப்பிட்டு என்ன ஆகப் போகிறது? அதெல்லாம் அவருக்குக் கணக்கில்லை. சுருளை மடித்துத் திணித்துவிட்டார். “சார், இது எதுக்கு சார்?” என்று நிவேதா கேட்டாள். பதில் சொல்லும் நிலையில் நான் இல்லை. ஆகாயத்தைக் காட்டினேன்.

தேர் முனைக்கு வந்தது. பழைய இடத்திலேயே நின்றேன். சட்டக் கடை இப்போது செல்போன் கடை. வலது பக்கம் முழுக்கச் சக்கரம், கீழே மருமகனின் கை, கையில் கட்டை. வெளிச்சம் சரியாக விழுந்தது. இன்னும் ஒரு அடி. போனைத் தூக்கி மூச்சைப் பிடித்தேன்.

“ஏலே சுப்பையா!”

திரும்பிவிட்டேன்.

எப்படித் திரும்பினேன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அந்தப் பேர் அவருக்கு எப்படித் தெரிந்ததோ, அந்தத் தெருவில் அதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. உடம்பு தானாகத் திரும்பிவிட்டது. எதிரே அண்ணாச்சி செல்போன் கடைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்குப் பின்னால் கூட்டம் ஓவென்று கத்தியது. தேர் சுத்தமாகத் திரும்பி அடுத்த வீதிக்குள் போய்விட்டது. என் போனில் விழுந்தது பாதி ஆகாயமும் ஒரு மின்கம்பமும்தான்.

“என்னலே, திரும்பிட்டே?”

வாய் நிறைய வெற்றிலை. தலையை மட்டும் ஆட்டினேன். அண்ணாச்சி சிரித்தார். இருமல் வரும்வரை சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து என் தோளைப் பிடித்தார்.

“நான் மட்டுந்தான் திரும்பிட்டேன்னு உள்ளுக்குள்ள ஒண்ணு அரிச்சுக்கிட்டே கெடந்துச்சுலே. எல்லாரும் விட்டாலும் அது விடல. இப்பம் சரியாப் போச்சு.”

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்த வரப்பில் நான் சொன்ன ஒரு வாக்கியத்தை அவர் இத்தனை காலம் சுமந்திருக்கிறார். சக்கரம் திரும்பக் கிடைத்தும் அது இறங்கவில்லை. நான் பாட்டுக்குப் பரிகாரம் செய்துவிட்டேன் என்று நிம்மதியாக இருந்திருக்கிறேன்.

நிவேதா ஓடி வந்தாள். “சார், செம படம் சார்!” என்று கேமராவைக் காட்டினாள். நடுவில் நான், கன்னம் உப்பி, உதடெல்லாம் சிவந்து, ஆந்தை மாதிரி முழித்துக்கொண்டு திரும்புகிறேன். பின்னால் தேர். ஓரத்தில், சட்டத்தை ஒட்டினாற்போல், கதவைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும் அண்ணாச்சி. அவள் இரண்டு விரலால் திரையைத் தேய்த்துப் படத்தின் ஓரத்தைப் பெரிதாக்கினாள்.

“ஓரத்துல ஒரு தாத்தா நிக்காங்க சார், டிஸ்டர்பா இருக்கு. அவங்களைக் கட் பண்ணிரட்டா?”

தேர் இன்னும் நிலைக்கு வரவில்லை. அண்ணாச்சி பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் குனிந்து வெற்றிலை முழுவதையும் சாக்கடையில் துப்பினேன்.

“வெட்டாத தாயி” என்றேன்.